கைதட்டல் மட்டும் அக்காவுடையது

சனிக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசைமேல் ஒரே பாட்டின் மூன்று பதிப்புகள். தொலைபேசியில் பூவம்மா.

பூவம்மா என் மனைவி அமலாவின் அக்கா. அவர் வீடு புக்கிட் பாத்தோக்கில். எங்கள் வீடு ஈசூனில். நடுவில் பாதிச் சிங்கப்பூர்த் தீவு கிடக்கிறது. அவர் குரலுக்கு அது போதவில்லை.

"என்ன தம்பி, கேட்டு முடிச்சிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டே இருக்கேன்க்கா."

"அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? பூவம்மா பாட்டுன்னு எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுச்சு லா."

"ஒப்பிட்டுப் பாக்கணும்க்கா. மூணு பதிப்பு இருக்கு."

"மூணுலயும் நான்தானே?"

நான் எதிரே பார்த்தேன். அமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி வேகமெடுத்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் செம்பவாங் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் சிலரும், இரண்டு தமிழாசிரியர்களும், ஒரு தபால்காரரும் சேர்ந்து 'சங்கு ஊதும் வேளை' என்றொரு இசை நாடகம் போட்டார்கள். சங்கு என்றால் பட்டறைச் சங்கு. தலைப்பை மட்டும் கேள்விப்பட்டு வெள்ளைச் சட்டையில் வந்து துக்கம் விசாரித்தவர்களும் உண்டு.

கதை எளிமையானது. மத்தியானச் சங்கு ஊதியதும் கதாநாயகன் பட்டறையிலிருந்து வெளியே வருவான். வாசலில் கதாநாயகி டிபன் கேரியரோடு நிற்பாள். கேரியரைத் திறக்க மாட்டாள். பாடுவாள். பாடி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்து மறுசங்கு ஊதிவிடும். அவன் பட்டினியாக உள்ளே போவான். இப்படி மூன்று மணி நேரம். கடைசியில் கல்யாணம். அதற்குப் பிறகாவது அவனுக்குச் சோறு கிடைத்ததா என்பதை நாடகம் சொல்லவில்லை.

அதிலே ஊரெல்லாம் பாடிய பாட்டு ஒன்று. 'ஆறிப்போகுது சோறு' என்று ஆரம்பிக்கும். நாடகப் பாடல்கள் மூன்று முறை வெளிவந்தன. மூன்று முறையும் இந்தப் பாட்டு இருந்தது. மூன்றும் வேறு வேறு.

முதல் பதிப்பு, 1985. கேசட். அரங்கத்திலேயே பதிவானது. கதாநாயகி பூவம்மா. சங்குச் சத்தம் அசல். யாரோ ஒருவர் பட்டறை வாசலில் ரெக்கார்டரோடு காத்திருந்து பிடித்தது. கூடவே இருமல் இருக்கிறது. நாற்காலி கிரீச்சிடுகிறது. பாட்டு முடிந்ததும் கூரை பிய்கிற மாதிரி கைதட்டல். கைதட்டலுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. அது பூவம்மாவின் மூத்த மகன் இளமாறன். இப்போது சாங்கியில் விமானம் பழுது பார்க்கிறான். பூவம்மா உச்சத்தில் ஒரு 'சோறூ...' இழுப்பார். மேலே போவார். போன இடத்திலிருந்து சுருதிக்குத் திரும்பி வர மாட்டார். ஆர்மோனியக்காரர் அவரைத் தேடிக்கொண்டு போவது தெளிவாகக் கேட்கும்.

இரண்டாம் பதிப்பு, 1988. மறு மேடையேற்றம். இதுவும் கேசட். கதாநாயகி தாரணி. ஸ்டுடியோவில் பதிவு. சங்குக்குப் பதில் கீபோர்டு. இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டார்கள். இருமல் இல்லை. கைதட்டல் இல்லை. சுருதி இருந்தது.

மூன்றாம் பதிப்பு, 2003. சிடி. சிராங்கூன் சாலையில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர் வெளியிட்டார். அந்தக் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். மனிதர் நல்ல ரசிகர். படம் பூவம்மா படம் எடுப்பாக இருக்கிறது என்று அதை அட்டையில் போட்டார். பாட்டு தாரணி பாட்டு சுத்தமாக இருக்கிறது என்று அதை உள்ளே போட்டார். முடிவு மொட்டையாக இருக்கிறதே என்று 1985 கைதட்டலை வெட்டி 1988 பாட்டின் வாலில் ஒட்டினார். பாடியவர் பெயர் போட மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து தாரணியின் குரலுக்கு வரும் பாராட்டை எல்லாம் பூவம்மா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தாரணி கல்யாணமாகி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்விட்டார். கேட்க வரவில்லை.

குடும்ப விருந்து எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த சிடி ஓடும். பாட்டு முடியும். கைதட்டல் எழும். குழந்தை அழும். உடனே பூவம்மா விரலை நீட்டுவார். "கேட்டீங்களா? என் மவன் அழுவுறான்! என் பாட்டுன்னு சொல்றதுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" எல்லாரும் இளமாறனைப் பார்ப்போம். நாற்பது வயதுக்காரன் தட்டைப் பார்ப்பான்.

தன் குரல் இல்லை என்று அக்காவுக்குத் தெரியுமா? அதைக் கேட்கும் தைரியமுள்ள ஆண் எங்கள் குடும்பத்தில் பிறக்கவில்லை. பெண் எடுத்து உள்ளே வந்தவர்களிலும் இல்லை.

இந்த நிலையில்தான் கண்காட்சி வந்தது. நகரத்தில் ஒரு நூலகத்தின் மாடியில், சிங்கப்பூர்த் தமிழ் இசை நாடகங்களைப் பற்றி. 'சங்கு ஊதும் வேளை'க்கு ஒரு மூலை. மூலையில் ஒரு ஹெட்ஃபோன். அதை மாட்டிக்கொண்டால் 'ஆறிப்போகுது சோறு' கேட்கும். ஒரே ஒரு பதிப்புக்குத்தான் இடம். எதைப் போடுவது என்று மாசிலாமணியாகிய நான் சொல்ல வேண்டும். முப்பது வருடம் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். நாடக விமர்சனமும் எழுதியவன். மூன்று பதிப்பும் வைத்திருப்பவன். மூன்றாவதுதான் உண்மையான காரணம்.

பூவம்மா தொலைபேசியை வைத்ததும் நான் எழுந்து நின்று ஒரு சபதம் செய்தேன்.

"அமலா, உண்மை எதுவோ அதைத்தான் எழுதப்போறேன்."

"எழுதுங்க."

"உங்க அக்காவா இருந்தாலும் சரி."

"எழுதுங்கன்னுதானே சொல்றேன். அப்புறம் எங்க சாப்பிடுவீங்க?"

நான் உட்கார்ந்தேன். சபதத்தை வாபஸ் வாங்கவில்லை. தள்ளி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக் காதர் மைதீன் அப்போதுதான் வந்தார். செம்பவாங் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காது நிமிர்ந்தது. முதல் கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எங்க சங்கு!" என்றார். "பன்னெண்டு மணிச் சங்கு. கடைசியில இழுத்து ஒரு விக்கல் விக்கும் பாருங்க. வால்வு சரியில்ல. நான் கம்ப்ளெய்ன் பண்ணியிருக்கேன்."

"பாட்டு எப்படி பாய்?"

"பாட்டா? சங்குக்கு அப்புறம் ஏதோ ஒரு பொம்பளை சத்தம் போட்டுச்சு. அதுவா?"

"மெதுவாப் பேசுங்க பாய்" என்றேன்.

"அண்ணே, அது எங்க அக்கா" என்றாள் அமலா.

"அப்படியா தங்கச்சி? நல்ல கம்பீரமான குரல். பட்டறையில சங்கு ரிப்பேரான அன்னைக்கு இவங்களைக் கூப்பிட்டிருக்கலாம்."

அமலா சிரிக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். வெங்காயம் ஆயிற்றே.

இரண்டாவது கேசட்டைப் போட்டேன். கீபோர்டு சங்கு ஊதியது. பாய் முகத்தைச் சுளித்தார். "இது சங்கா? ஐஸ்கிரீம் வண்டி லா இது." பிறகு தாரணி பாடினார். பாய் கண்ணை மூடினார். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று தொட்டுப் பார்த்தேன்.

"இந்தப் பிள்ளை பாடும்போது எனக்கே பசிக்குது" என்றார்.

விமர்சனம் என்றால் இதுதான். நான் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். பசித்தது என்று ஒரு நாளும் எழுதத் தோன்றியதில்லை.

அப்புறம் சிடி. பாய் பாதியிலேயே கையை உயர்த்தினார். "அதே ஐஸ்கிரீம் வண்டி. அதே பிள்ளை. எதுக்கு ரெண்டு தடவை போடுறீங்க?" பாட்டு முடிந்து கைதட்டலும் அழுகையும் வந்ததும் குழம்பிப்போனார். "அது சரி, ஸ்டுடியோக்குள்ள யாரு குழந்தையைக் கொண்டுபோய் அழ வெச்சது?"

ஒரு கிரேன் ஓட்டுநர் காபி குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்ததை எங்கள் குடும்பம் இருபது வருடமாகக் கண்டுபிடிக்காமல் காப்பாற்றி வருகிறது. ஒற்றுமை என்றால் இதுதான்.

பாய் போன பிறகு எனக்கு ஒரு யோசனை பிறந்தது. சாதாரண யோசனை இல்லை. எழுந்து போய்க் கண்ணாடியில் என்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அமலா, சிடியைக் குடுத்துடலாம்."

"ஏன்?"

"அட்டையில யாரு? உங்க அக்கா. உள்ள யாரு? தாரணி. அக்கா வந்து பாப்பாங்க, தன் படம் இருக்கும். காதுல மாட்டுவாங்க, கடைசியில தன் பிள்ளை அழும். சந்தோஷமாப் போவாங்க. பாட்டுக் கேக்க வர்றவங்களுக்கு நல்ல பாட்டும் கெடைக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அமலா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது பொய் இல்லையா?"

"பொய் இல்ல. பதிப்பு."

அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம் அது. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். செய்தி அறையில் எவராவது நாங்கள் கேட்காமலே நல்லபடியாகப் பேசினால் உடனே யாரையாவது விசாரிக்க அனுப்புவோம். வீட்டில் அனுப்ப ஆள் இல்லை. நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் ஞாயிறு. பூவம்மா வந்தார். தனியாக வரவில்லை. அவர் எப்போதும் ஊர்வலமாகத்தான் வருவார். இளமாறன், அவன் மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் டியூஷன் டீச்சர். வழியில் எம்ஆர்டி ரயிலில் பார்த்த ஒரு பழைய தோழியையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

அமலா காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். மீன் பொரித்தாள். மீன் தீர்ந்தது. இறால் பிரட்டினாள். இறால் தீர்ந்தது. முட்டைக்கு வந்தாள்.

"அமலா, உப்பு ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு" என்றார் அக்கா, மூன்றாவது முறை போட்டுக்கொண்டே.

"சரிக்கா."

"நான் இருந்தா இப்படி விட மாட்டேன். எனக்குத்தான் முட்டி வலி. நின்னு சமைக்க முடியல."

"தெரியும்க்கா."

"தம்பி, என்ன முடிவு பண்ணீங்க?"

"சிடியைக் குடுக்கலாம்னு இருக்கேன்க்கா."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியது. "எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குக் காது இருக்கு. அந்த சிடியிலதான் என் குரல் ரொம்ப சுத்தமா விழுந்திருக்கு."

நான் அமலாவைப் பார்த்தேன். அமலா எண்ணெயைப் பார்த்தாள்.

"கேசட்ல கூட அங்கங்க கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்" என்றார் அக்கா பெருந்தன்மையாக. "சிடியில எல்லாம் தெளிஞ்சுடுச்சு. டெக்னாலஜி."

"ஆமாக்கா. டெக்னாலஜி."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். கண்காட்சி தொறக்குற அன்னைக்கு எல்லாரும் போய்ப் பாத்துட்டு நேரா இங்க வந்துடுவோம். நம்ம சொந்தம் எல்லாம் சேர்ந்தா ஒரு முப்பது பேர். சாப்பாடு இங்கேயே வெச்சுக்கலாம். பின்னாலயே தீபாவளி வருது. வழக்கம்போல அதுவும் இங்கதான். லிட்டில் இந்தியாவுல லைட்டு பாக்குறதுக்கு ஒரு நாள் வருவோமே, அன்னைக்கும் சமைச்சுடு அமலா. உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"இல்லக்கா" என்றாள் அமலா. முட்டை வாணலியில் படபடவென்று வெடித்தது.

செவ்வாய்க்கிழமை கண்காட்சிக் குழுவிலிருந்து திவ்யதர்ஷினி என்ற பெண் கூப்பிட்டாள். சின்னப் பெண். வேகம் அதிகம்.

"அங்கிள், சிடி செலக்ட் பண்ணதுக்கு தேங்க்ஸ். ஒரு சின்ன மேட்டர். கேப்ஷன் கார்டுல 'பாடியவர்'னு ஒரு லைன் இருக்கு. யாரு பேரு போடணும்?"

இதை நான் யோசிக்கவில்லை. போர்த் திட்டம் போட்டவன் ஆற்றைக் கடக்கப் படகு வேண்டும் என்பதை மறந்த மாதிரி.

"குழுவினர்னு போட்டுடும்மா."

"ஒரு வாய்ஸ்தானே அங்கிள் கேக்குது?"

"அது... குழுவினரில் ஒருவர்."

"ஓகே அங்கிள், நீங்களே கன்ஃபர்ம் பண்ணி ரெண்டு பாரா எழுதி ஈமெயில் பண்ணிடுங்க லா. ஃப்ரைடே பிரிண்டுக்குப் போகுது."

தொலைபேசியை வைத்தேன். அமலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க?"

"கண்காட்சிப் பொண்ணு. பாடினவங்க பேரு கேக்குது."

"பூவம்மான்னு போட்டுடுங்க."

"அது எப்படிப் போட முடியும்? பாடினது தாரணி."

"அதனால என்ன? எவன் கண்டுபிடிக்கப்போறான்?"

என் உடம்பில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"நான் கண்டுபிடிப்பேன்."

"நீங்கதானே எழுதப்போறீங்க. உங்களைத் தவிர மூணையும் வெச்சுக்கிட்டு எவன் உக்காந்து கேக்கப்போறான்?" அவள் என் சட்டையை உதறினாள். "அப்படியே எவனாவது கேட்டு, ஐயோ இது வேற குரலாச்சேன்னு சொன்னாத்தான் என்ன? மாசிலாமணிக்கு வயசாயிடுச்சு, காது போயிடுச்சுன்னு சொல்லுவான். சொல்லிட்டுப் போறான்."

"காது போயிடுச்சுன்னா?"

"இல்லன்னா, மச்சினிச்சிக்காகப் பேரை மாத்திட்டான்னு சொல்லுவான். ரெண்டுல எது நல்லா இருக்கு? காது போனதா, மச்சினிச்சியா?"

"அமலா, முப்பது வருஷம். ஒரு பேரு தப்பா விட்டதில்ல நான். அச்சு எந்திரத்தை நிறுத்தி ஒரு பேரை மாத்தினவன் நான்."

"அது அந்தக் காலம். இப்ப ரிட்டையர் ஆயிட்டீங்க." சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கு என்னங்க? எங்க அக்கா பேரு வந்தா எனக்குச் சந்தோஷம்தான்."

அவள் என்னைத் தூண்டுகிறாள் என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. என் மானம் அப்போது மேசையருகே போய்க் கணினியைத் திறந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போனேன்.

இரண்டு பாரா கேட்டார்கள். நான் எட்டு எழுதினேன். 'மூன்று பதிப்புகள்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்பு வைத்தேன். வெட்டப்பட்ட சரணத்தைச் சொன்னேன். கீபோர்டுச் சங்கைச் சொன்னேன். 1985-இல் ஆர்மோனியக்காரர் தேடிக்கொண்டு போனதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு வாக்கியம்: 'குறுந்தகட்டில் ஒலிக்கும் குரல் தாரணியுடையது, அட்டைப்படமும் கைதட்டலும் குழந்தையின் அழுகையும் மட்டுமே பூவம்மாவுடையவை.'

மட்டுமே என்ற சொல் என்னுடையது இல்லை. படித்துப் பார்த்த அமலா சேர்க்கச் சொன்னாள்.

"இந்த எடத்துல ஒரு அழுத்தம் வேணும்ங்க. இல்லன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க."

எனக்கு நெகிழ்ந்துவிட்டது. கூடப் பிறந்தவளைவிட உண்மை பெரிது என்று நினைக்கிற பெண்ணோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை.

"உங்க அக்கா?"

"அக்காகிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன். நீங்க உங்க கடமையைப் பாருங்க."

ஈமெயிலை அனுப்பினேன்.

"என்னங்க," என்றாள், "குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் நீங்களே போட்டுடுங்க. அக்கா கண்காட்சிக்குப் போய்த் திடீர்னு பாத்தா, ஒளிச்சு வெச்ச மாதிரி ஆயிடும். நேர்மைன்னா முழு நேர்மையா இருக்கணும்."

போட்டேன். கீழே ஒரு கும்பிடும் போட்டேன்.

குரூப்பில் முப்பத்தொரு பேர். எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக் கோடு வந்தது. இளமாறன் மட்டும் ஒரு கட்டைவிரலை உயர்த்தினான். உடனே அழித்துவிட்டான்.

பிறகு தொலைபேசி அடித்தது. அமலா எடுத்தாள். எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள்.

"அக்கா..." என்றாள். அது எனக்குத் தெரியாத குரல். நான்காம் பதிப்பு. "நான் தலை தலையா அடிச்சுக்கிட்டேன்க்கா. கேக்க மாட்டேன்னுட்டாரு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவள் கையைக் காட்டி என்னை உட்காரவைத்தாள்.

"கால்ல விழுந்தேன்க்கா. எங்க அக்கா மனசு நோகுமேன்னு சொன்னேன். உண்மைதான் பெருசுங்கிறாரு. பிடிவாதக்கார மனுஷன். நான் என்ன பாவம் பண்ணேனோ..."

மறுமுனையிலிருந்து பூவம்மாவின் குரல் வந்தது. ஸ்பீக்கர் போடவில்லை. தேவைப்படவும் இல்லை. மூச்சு விடாமல் பேசினார். சுருதி விலகவே இல்லை. 1985-இல் இப்படிப் பாடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கடைசியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது இது: "அந்த ஆளு இருக்குற வீட்டு வாசப்படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன்! என் பிள்ளைங்களும் மிதிக்காது!"

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. தீபாவளிக்கு எல்லாரும் இங்கதானே..."

"தீபாவளியா? இங்க என் வீட்டுல வெச்சுக்குறேன்! முட்டி வலின்னா என்ன, நானே நின்னு சமைக்கிறேன். நீ வா. நீ என் ரத்தம். அந்த ஆளு வரக் கூடாது!"

"சரிக்கா" என்றாள் அமலா தேம்பிக்கொண்டே. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். துடைப்பதற்கு ஈரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"நீ எப்ப தலை தலையா அடிச்சுக்கிட்டே?"

"இப்பத்தான்."

"பக்குவமா பேசுறேன்னியே!"

"பேசினேனே. நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"அக்கா இனிமே வர மாட்டாங்களாம், அமலா."

"ஆமாங்க" என்றாள். முகத்தில் வருத்தம் இருந்தது. பதிப்புகளை ஒப்பிட்டுப் பழகிய காது எனக்கு. அது ஸ்டுடியோவில் பதிவான வருத்தம்.

"இத்தனை பேருக்கும் எதிரியாயிட்டேனே நான்!"

"உண்மை பேசினா அப்படித்தாங்க. நீங்கதானே சபதம் எடுத்தீங்க?" அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெரிய வாணலியை எடுத்தாள். கழுவினாள். துடைத்து மேல் அலமாரியின் கடைசியில், கைக்கு எட்டாத இடத்தில், கவிழ்த்து வைத்தாள். பிறகு காபி போட்டாள். ஒரே ஒரு குவளை. அதை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பகலில் அவள் கால் நீட்டி நான் பார்த்ததில்லை.

இனி நடந்தவை செய்தி. கண்காட்சி அக்டோபர் 12-ஆம் தேதி திறந்தது. தாரணியின் பெயர் கார்டில் இருந்தது. பெர்த்திலிருந்து அவர் 'நன்றி அண்ணா' என்று இரண்டு சொல் அனுப்பினார். பூவம்மா போனார். ஹெட்ஃபோனை மாட்டினார். கைதட்டல் வரும்வரை கழற்றவில்லை என்று திவ்யதர்ஷினி சொன்னாள்.

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை, தீபாவளியன்று புக்கிட் பாத்தோக்கில் முப்பது பேருக்கு விருந்து நடைபெற்றது. சமையல் பூவம்மா. திருமதி அமலா மாசிலாமணி விருந்தினராகக் கலந்துகொண்டார். திரு. மாசிலாமணி ஈசூனில் இருந்தார்.